ஒரு சாண் மேலே காட்டிய வலி

ராஜபாளையத்தில் ஏறும்போதே பஸ்ஸில் பாதிச் சீட்டு காலி. நான் மட்டும் நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, அம்புட்டு சீட்டு சும்மாக் கெடக்கு. உட்கார வேண்டியதான?" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ணே. ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் எறங்கப் போறேன்."

"அது அரை மணி நேரம் ஆகும்மா." சொல்லிவிட்டு என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், வீட்டுல சண்டையா?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பெயர் சண்முகம். ஒரு நூல் மில்லில் வயர்மேன். பக்கத்தில் அவருடைய அம்மா, என் அத்தை, மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் என் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அன்றைக்கு எனக்கு எதிரான சாட்சி அதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் என் அம்மா வீடு. அங்கே இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடியிருந்தார்கள். என்னைச் சேர்த்து வைப்பதா, அத்துவிடுவதா என்று பேசுவதற்காக. அத்துவிடுவது என்றால் கோர்ட்டு, வக்கீல் எதுவும் கிடையாது. பெரியவர்கள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுவார்கள், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஆறு மாதம் அலைந்தவர்கள், முறிப்பதற்கு அரை நாள் போதும் என்று வைத்திருந்தார்கள்.

நான் நின்றது ரோஷத்தில் இல்லை. வீட்டில் ஒரு தலையணை மேல் அரை மணி நேரம் உட்காரும் அளவுக்கு அப்போது தேறியிருந்தேன். பஸ் சீட்டில், அந்தக் குலுக்கலில், முடியாது. உட்கார்ந்தால் எரியும்.

எந்த இடம் என்று எழுதுவது

இந்தத் தொடரைப் போன வாரம் என் கல்யாணப் பந்தியோடு நிறுத்தியிருந்தேன். "அப்புறம் சந்தோஷமாக இருந்தீர்களா?" என்று சேத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். இல்லை, தாயே. அந்த 'அப்புறம்' தான் இந்த வாரம்.

அத்தியாயத்தைக் கையில் வாங்கிய உதவி ஆசிரியர் சின்னப் பிள்ளை. நெளிந்தார். "மேடம், 'அந்த இடம்'னு போட்டுடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த இடம், இந்த இடம் என்று சொல்லிச் சொல்லித்தான் என் வாழ்க்கை இந்த இடத்தில் வந்து நின்றது.

எனவே எழுதிவிடுகிறேன். எனக்கு வலி பெண்ணுறுப்பின் வெளிப்பக்கத்தில், அதன் வாசலில். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தேய்த்தால் எப்படி எரியும், அப்படி. உட்கார்ந்தால் கூடும். கணவர் தொட்டால் தாங்காது. வெளியே பார்த்தால் புண் கிடையாது, வீக்கம் கிடையாது, சிவப்புக்கூடப் பெரிதாகக் கிடையாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தலைவலியையாவது வாய்விட்டுச் சொல்லலாம்.

இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சமையல் குறிப்பு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

பேண்டேஜ் கம்பெனித் துணி

கல்யாணமாகி இரண்டு மாதத்தில், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற காஸ் துணியைத் தரையில் உட்கார்ந்து மடிக்கிற வேலை. இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். வெளுத்த துணியின் மருந்து நெடி வீட்டுக்குப் போன பிறகும் முந்தானையில் இருக்கும்.

வெட்டும்போது ஓரத்தில் விழுகிற துண்டுகளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். அங்கே வேலை பார்த்த பெண்கள் யாரும் மாதவிலக்குக்கு வேறு துணி தேடியதில்லை. என் பக்கத்தில் உட்காரும் பாக்கியத்தக்கா முதல் மாதமே ஒரு கட்டு கொடுத்தார்.

"வீட்டுல கெடக்க பழைய சேலையைத் தூரப் போடுட்டி. இது ஆஸ்பத்திரிக்குப் போற துணி. இதைவிடச் சுத்தம் எங்க கெடைக்கும்?"

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தத் துணி கடைசி அலசல் முடியாமலேயே மடிக்க வந்துவிடும், சலவை மருந்து அதிலேயே நிற்கும் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? உலகத்தின் புண்ணுக்கெல்லாம் கட்டுப்போடுகிறவர்கள் நாங்கள். அந்தத் துணி எங்களையே புண்ணாக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முதலில் அரிப்பு. பிறகு வெள்ளைப்படுதல். நர்ஸ் ஒருத்தி மாத்திரை தந்தாள். அரிப்பு போயிற்று, வெள்ளை நின்றது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

"சூடு" என்றார் அத்தை. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் விடியற்காலையில் எழுந்து எனக்காக வேப்பிலை கொதிக்க வைத்தார். மஞ்சள் போட்டு, உப்புப் போட்டு, "நல்லாக் கழுவு தாயி" என்று செம்பைக் கையில் கொடுப்பார். நான் இன்னும் ஒரு படி மேலே போய், புண்ணுக்குப் போடுகிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவினேன். சோப்பு வேறு. கழுவக் கழுவ எரிந்தது. எரிய எரியக் கழுவினேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை நான் என் கையாலேயே, சுத்தம் என்ற பெயரில், இரண்டு வருஷம் செய்தேன்.

குடல்வால் செய்த பாவம்

ஒரு நாள் மடித்த துணியின் மேலேயே குப்புறப் படுத்து அழுதுவிட்டேன். அத்தை என்னை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அந்த டாக்டர் மேல் எனக்குப் புகார் இல்லை. அவர் கேள்வியைச் சரியாகத்தான் கேட்டார்.

"எங்கம்மா வலிக்குது?"

அவர் ஆம்பளை. பக்கத்தில் அத்தை. கதவோரம் கம்பவுண்டர். நான் கையைத் தூக்கினேன். அந்தக் கை போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், ஒரு சாண் மேலே போய், வலது பக்க அடிவயிற்றில் நின்றது.

"இங்கயா? அமுக்குனா வலிக்குதா?"

"ஆமா" என்றேன்.

நாலாம் நாள் என் குடல்வாலை எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பிறகு அழுகை வருகிறது. பாவம் அந்தக் குடல்வால், அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. தையல் பிரித்து வீட்டுக்கு வந்து, முதல் தடவையாகப் பலகையில் உட்கார்ந்தபோது பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. "ஆபரேசனே பண்ணியாச்சு, இன்னும் என்னட்டி வலி?" என்று அத்தை கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு 'வலிக்காரி' என்ற பெயர் போய் 'வேஷக்காரி' என்ற பெயர் வந்தது.

வெட்கம் ஒருத்தியின் வயிற்றைக் கிழிக்கும் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். தழும்பு என்னிடம் இருக்கிறது.

சங்கு

மதுரைக்குப் போகலாம் என்று சொன்னது என் கணவர்தான். அதையும் சொல்லியாக வேண்டும். அத்தையிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, ஒரு விடுமுறை நாளில் இருவரும் கிளம்பினோம். கிருஷ்ணன்கோவில் தாண்டும் வரை சுருட்டிய துண்டின் மேல் உட்கார்ந்து வந்தேன். அதற்கப்புறம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரும் எழுந்து என் பக்கத்தில் நின்றார். காரணம் சொல்லவில்லை. மதுரை வரை நின்றே வந்தார்.

மதுரையில் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். என் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"வாயால சொல்ல வேண்டாம். உன் விரலை வச்சுக் காட்டு."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் விரல் சரியான இடத்துக்குப் போனது. அழுகை வந்துவிட்டது. அவர் தேற்றவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, வாசலைச் சுற்றி ஒவ்வொரு இடமாக மெல்லத் தொட்டார். ஒரு இடத்தில் ஒன்றுமில்லை. அடுத்த இடத்தில் நான் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டேன். வெறும் பஞ்சுக்கு.

"நடிக்கிறவங்களுக்கு இப்படித் துல்லியமா ஒரே எடத்துல வலிக்காது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் கோயில் கட்டலாம்.

பிறகு என் கணவரை உள்ளே கூப்பிட்டார். என்ன வேலை என்று கேட்டார். மில்லில் வயர்மேன் என்றதும், "நல்லதாப் போச்சு, உங்களுக்குப் புரியும்" என்றார்.

"மில்லுல ஷிப்டுக்கு ஊதுற சங்கு, சுவிட்ச் ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"ஊதிக்கிட்டே இருக்கும் டாக்டர். ஒருக்க ஆச்சு. நான்தான் போயி வயரைக் கழட்டுனேன்."

"ஷிப்டு மாறலை. ஆனா சத்தம் நெசம்தான?"

"நெசம்தான்."

"அதான் இது. முதல்ல ஏதோ கிருமி வந்துச்சு, துணியும் மருந்துத் தண்ணியும் சேர்ந்துச்சு. அதெல்லாம் போயிருச்சு. நரம்பு மட்டும் ஊதிக்கிட்டே இருக்கு. இவ வலி நெசம். அழுக்கும் இல்லை, பாவமும் இல்லை, உங்களைப் பிடிக்காததும் இல்லை."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டில் இது புரிந்த ஒரே ஆள் அவர்தான்.

வைத்தியம் என்று பார்த்தால், செய்வதைவிட விடுவதுதான் அதிகம். வேப்பிலை, மஞ்சள், சோப்பு, மருந்துத் தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்து. பச்சைத் தண்ணீர் மட்டும், அதுவும் தேய்க்காமல். கம்பெனித் துணியைத் தொடாதே. பழைய பருத்திச் சேலையைப் பலமுறை அலசி வைத்துக்கொள். நைலான் பாவாடை வேண்டாம். எரிந்தால் நனைத்த துணி, வறண்டால் துளி தேங்காயெண்ணெய். வலிக்குமோ என்ற பயத்தில் அடித்தசையை நாள் முழுக்க இறுக்கிப் பிடித்திருக்கிறாய், அது தனி வலி, எனவே மல்லாந்து படுத்து வயிறு உப்ப மூச்சிழுத்து, விடும்போது கீழே தளர்த்திப் பழகு. ஆறு மாதத்துக்குக் கணவன் மனைவி உறவு வேண்டாம். தினம் சாயங்காலம் ஒரு சின்ன மாத்திரை.

"இந்த மாத்திரையை மனசு சரியில்லாதவங்களுக்குப் பெரிய அளவுல குடுப்போம். இத்துனூண்டு குடுத்தா நரம்பு வலிக்கு. கடைக்காரன் ஒரு மாதிரி பார்த்தா, பார்க்கட்டும்."

முழுக்கச் சரியாகுமா என்று கேட்டேன். "குறையும். சில நாள் மறந்துபோவ. சில நாள் திரும்ப வரும். வந்தா பயப்படாம இதையே செய்" என்றார். அப்படியேதான் நடந்தது. இன்றைக்கும் மாதத்தில் நாலைந்து நாள் வருகிறது. சண்டைக்கார நாத்தனார் மாதிரி, வந்தால் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறாள். விரட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதம், பலகையில் தலையணை போட்டு உட்கார்ந்து அரைப்படிப் பூண்டு உரித்து முடித்தேன். முடித்த பிறகுதான் உட்கார்ந்திருந்தது உறைத்தது. அவரிடம் சொன்னேன். சிரித்தார். கல்யாணமான பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். இன்னும் ஒரு வருஷம் எங்களைச் சும்மா விட்டிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாத்திரை அட்டை

மதுரையில் வாங்கியது தீர்ந்து, ஒரு தடவை ராஜபாளையத்திலேயே கடையில் கேட்டேன். கடைக்காரர் மதுரை டாக்டரின் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாருக்கும்மா, ஒங்களுக்கா?" என்றார். அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அத்தை காதுக்கு அது வருவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகன் ஆறு மாதமாக வெளி வராந்தாவில் படுப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். மருமகள் அறையில் தனியாக மல்லாந்து படுத்து மூச்சை இழுத்து இழுத்து விடுவதையும் கதவு வழியாகப் பார்த்திருக்கிறார். மூன்றையும் கூட்டிப் பார்த்தார்.

"பைத்தியத்தை மறைச்சுல்ல எம் மவன் தலையில கட்டிட்டாக" என்று கிணற்றடியில் சொன்னார். தெருவே கேட்டது. அந்தத் தாய்க்கு அதைத் தவிர வேறு எப்படிப் புரியும்? நான்தான் ஒன்றும் சொல்லவில்லையே.

பட்டாசாலையில் எட்டுப் பேர்

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது முன்கூடத்தில், எங்கள் பேச்சில் பட்டாசாலையில், ஜமக்காளம் விரித்திருந்தது. என் அண்ணன், பெரியப்பா, என் கணவரின் தாய்மாமன், இன்னும் இரண்டு உறவுக்காரர்கள். என்னோடு வந்த அத்தையும் அவரும் போய் உட்கார்ந்தார்கள். அம்மா அடுக்களை நிலைப்படியில் நின்றாள். எட்டுப் பேர். நான் சுவரோரம் நின்றேன்.

தாய்மாமன்தான் பேசினார். மரியாதையான மனிதர். அத்தையின் பையிலிருந்து அட்டையை வாங்கி ஜமக்காளத்தில் வைத்தார்.

"தாயி, ஒன்னைக் குத்தம் சொல்ல வரலை. இது எதுக்கு உள்ள மாத்திரைன்னு மட்டும் சொல்லிரு. வேற எதுக்காவதுன்னா சொல்லு, நாங்க இப்பவே எந்திரிச்சுப் போயிருதோம்."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். வாசல் திறந்துதான் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். மதுரையில் வாயால் சொல்ல வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார், விரல் காட்டியது. இங்கே விரலைக் காட்டவா முடியும்? அண்ணன் இருந்தான். பெரியப்பா இருந்தார். அந்த வார்த்தையை நான் அதுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

"வயித்து வலிக்கு" என்றேன்.

"வயித்து வலிக்குத்தான் ஆபரேசன் பண்ணியாச்சே தாயி" என்றார் மாமா, வருத்தமாக. பிறகு தன் மருமகனைப் பார்த்தார். "நீதான மதுரைக்குக் கூட்டிட்டுப் போனவன். நீ சொல்லுப்பா. டாக்டரு என்ன சொன்னாக?"

அவர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். அது கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் அவர் வாயையே பார்த்தேன். சங்கு, நரம்பு, எது சொன்னாலும் போதும். வலி நிஜம் என்று சொன்னாலே போதும்.

"மனசுதான்... கொஞ்சம் செரியில்லைன்னாக" என்றார்.

அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. பைத்தியம் என்றால் பரிதாபப்படுவார்கள். மற்றதைச் சொன்னால் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். இரண்டையும் நிறுத்துப் பார்த்து, நானே பைத்தியமாக இருந்துவிடச் சம்மதித்தேன். அதுதான் உண்மை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

மாமா எழுதினார். 'பெண்ணுக்கு மனநிலை சரியில்லாத காரணத்தால் இருவரும் மனமொத்துப் பிரிந்துகொள்வதாக.' கையெழுத்து வாங்கினார். வாங்கிப் பார்த்து, "கையெழுத்து முத்து முத்தா இருக்கே" என்று தன்னை மறந்து பாராட்டினார். மனநிலை சரியில்லாதவளின் கையெழுத்து எப்படிச் செல்லும் என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பைத்தியம் அதைக் கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

சாப்பிடாமலேயே கிளம்பினார்கள். அத்துவிட வந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டுப் பால்கோவா வாங்காமல் போக முடியுமா? அத்தையும் மாமாவும் கடைக்குப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் திரும்பி வந்தார். குடையை மறந்துவிட்டாராம். நான் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"மாத்திரை. போன வாரம் மதுரைக்குப் போயி வாங்குனேன். மூணு மாசத்துக்கு வரும். நடுவுல நிப்பாட்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகள்ல."

வாங்கிக்கொண்டேன்.

"ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. உள்ள சொல்லியிருக்கலாம்ல?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பொம்பளைக சமாச்சாரம். நான் எப்படிச் சொல்ல? நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"நீங்க சொல்லுவீகன்னு நான் பாத்தேன்" என்றேன்.

உச்சி வெயில். குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் சந்து முனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றேன்.